விமானிக்கு எதற்கு இரண்டு நாள் ஓய்வு?

"லட்ச லட்சமாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு வேறு வேண்டுமா?" 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது நம் குடியிருப்புகளிலும் லோக்கல் வண்டியிலும் டீக்கடையிலும் அடிபட்ட கேள்வி இது. கேட்டவர்கள் நம்மவர்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் செக்யூரிட்டி டூட்டி பார்த்துவிட்டு வருகிறவர் கேட்டார். வாரத்தில் அரை நாள் விடுமுறையும் இல்லாத ஓட்டல் தொழிலாளி கேட்டார். அவர்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் கொண்டுவந்து வைத்தது யார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே, நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் இண்டிகோவின் 2500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நடுவழியில் நின்றார்கள். சாவு வீட்டுக்குப் புறப்பட்டவர், வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவர், கல்யாணத்துக்குப் போனவர் எல்லோரும் விமான நிலையத்துத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். மற்ற கம்பெனிகள் டிக்கெட் விலையை ஏற்ற, அரசாங்கம் உச்சவரம்பு போட வேண்டி வந்தது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், அதிகபட்சம் 18,000 ரூபாய் என்றார்கள். ரயில்வே தன் பங்குக்கு 37 வண்டிகளில் 116 பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்தது. கடைசியில் நாட்டின் சுமையைத் தாங்கியது ரயில்தான் என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் காரணம் என்று சொல்லப்பட்டது விமானிகளின் ஓய்வு விதி. பத்திரிகைகளில் பாதிக்கு மேல் "புதிய விதியால் விமானிகள் பற்றாக்குறை" என்று எழுதின. படிக்கிறவன் என்ன நினைப்பான்? விமானிகள் ஓய்வு கேட்டார்கள், அதனால் ஜனங்கள் தவித்தார்கள் என்றுதான் நினைப்பான். இது உண்மையைத் தலைகீழாக நிறுத்துவது.

அந்த விதி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை வெளியிட்டது 2024 ஜனவரியில். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அமலாக வேண்டியது. கம்பெனிகள் முடியாது என்று முறையிட, தேதி தள்ளிப்போடப்பட்டது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகுதான் முதல் பாதி 2025 ஜூலை 1 முதல், மறு பாதி நவம்பர் 1 முதல் என்று முடிவாயிற்று. விதி வெளியான நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் அவகாசம். அதற்குள் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல், குளிர்கால அட்டவணையில் விமானங்களைக் கூட்டிவிட்டு, பிறகு ஆள் இல்லை என்று கையை விரிப்பது யார் குற்றம்? விசாரணைக்குப் பிறகு இயக்குநரகமே இண்டிகோவுக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உள்ள ஆளையும் விமானத்தையும் மிச்சமே இல்லாமல் இறுக்கிப் பிழிந்து ஓட்டியதும், முன்தயாரிப்பு இல்லாததும்தான் காரணம் என்றது அந்த விசாரணை.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முன்பு வாரத்துக்கு 36 மணி நேரம் தொடர் ஓய்வு, இப்போது 48 மணி. முன்பு இரவு என்றால் நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை, இப்போது ஆறு மணி வரை. இரவு டூட்டியில் முன்பு ஆறு முறை வரை விமானத்தைத் தரை இறக்கச் சொல்லலாம், இப்போது இரண்டு முறைதான். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் டூட்டி போடக் கூடாது.

ஐந்து மணியை ஆறு மணியாக்கியதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நைட் டூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பின்னிரவு நேரம் எப்படிப்பட்டது என்று. இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு தன் இஷ்டத்துக்கு அணைந்துபோகிற நேரம். ஆயிரம் டீ குடித்தாலும் கண் திறந்திருக்கும், மூளை திறந்திருக்காது. லேத் மெஷினில் விரல் போவதும் லாரி மரத்தில் மோதுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

2010 மே 22 நினைவிருக்கிறதா? துபாயிலிருந்து மங்களூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று இரவெல்லாம் பறந்து விடிகாலை ஆறு மணியை ஒட்டித் தரை இறங்கியது. மலை மேல் அமைந்த அந்த ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டார்கள், பிழைத்தவர்கள் எட்டுப் பேர். மாண்டவர்களில் வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏராளம். விசாரணையில் விமானி அறையின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் பதிவாகியிருக்கிறது. விழித்த மயக்கம் தெளியாமலே இறக்கத் தொடங்கி, உயரம் தவறிவிட்டது என்று தெரிந்தும் மறுபடி மேலே எழுப்பாமல் இறக்கிவிட்டார். துணை விமானி திரும்பிப் போகலாம் என்று சொன்னதும் அதே பதிவில் இருக்கிறது. ஆகவே விமானியின் ஓய்வு என்பது விமானியின் சொந்த விவகாரம் அல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளையின் உயிர் அதில் தொங்குகிறது.

இனி இந்த ரோஸ்டர் என்கிற சமாச்சாரம். நம் வாசகர்களில் ரயில்வே குடும்பங்கள் நிறைய உண்டு என்பதால் அவர்கள் பாஷையில் சொல்கிறேன். நம் லாபியில் டிரைவர்களுக்கு லிங்க் போடுகிறார்கள் அல்லவா, எந்த வண்டியில் போய், எந்த ரன்னிங் ரூமில் தங்கி, எந்த வண்டியில் திரும்புவது என்று? விமானக் கம்பெனியிலும் அதேதான். ஒரு மாதத்துக்கு முன்கூட்டி டூட்டி வரிசை போடப்படும். வரிசையில் இல்லாதவர்கள் நம் ஸ்பேர் ஆட்களைப் போல வீட்டிலோ விமான நிலையத்திலோ காத்திருக்க வேண்டும். வேறு ஊரில் விமானத்தை எடுக்க, பயணியைப் போல உட்கார்ந்து போவதும் உண்டு. அதையும் நம் ஆட்கள் ஸ்பேராகப் போவது என்பார்கள். வித்தியாசம் ஒன்றுதான். நம் லாபியில் ஒரு மனிதன் உட்கார்ந்து போர்டைப் பார்த்து ஆளைக் கூப்பிடுகிறான், அவனோடு சண்டை போடலாம், கெஞ்சலாம். அங்கே கணினி. எந்த ஆளை எத்தனை நிமிஷம் வரை இழுக்கலாம் என்று அது கணக்குப் போடுகிறது. விதி அதிகபட்சம் என்று வைத்திருப்பதை அது தினசரி இலக்காக வைத்துக்கொள்கிறது. ஒரு ஊரில் மூடுபனி வந்தால் போதும், இழுத்துக் கட்டிய கயிறு அறுந்து நாடெங்கும் விமானம் நிற்கும்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் என்ற கம்பெனி பனிப்புயலுக்குப் பிறகு ஏறத்தாழ 17,000 விமானங்களை ரத்து செய்தது. புயல் ஓய்ந்து மற்ற கம்பெனிகள் பறந்தபோதும் அது எழுந்திருக்கவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே அதன் கணினிக்குத் தெரியவில்லை. விமானிகள் டெலிபோனில் மணிக்கணக்காகக் காத்திருந்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கணினி ஏற்பாடு உதவாது என்று விமானிகள் சங்கம் அதற்கு முன்பே பல வருஷமாக எச்சரித்து வந்திருந்தது. அரசாங்கம் 14 கோடி டாலர் தண்டம் விதித்தது.

ஆனால் அமெரிக்காவில் நமக்குப் பாடமாக இருப்பது அதுவல்ல, ஒப்பந்தம். அங்கே ரயில்வே தொழிலாளர்களுக்காக 1926-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ரயில்வே தொழிலாளர் சட்டம் என்றே அதற்குப் பெயர். 1936-இல் அதையே விமானக் கம்பெனிகளுக்கும் நீட்டினார்கள். இன்றும் அமெரிக்க விமானிகள் கூட்டுபேரம் நடத்துவது ரயில்வேச் சட்டத்தின் கீழ்தான். (இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சந்தோஷம்.) அரசாங்க விதி அங்கே தரை மாதிரி. அதற்குக் கீழே போகக் கூடாது. அந்தத் தரைக்கு மேலே சங்கமும் கம்பெனியும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் நிற்கிறது, நூற்றுக்கணக்கான பக்கம். யாருக்கு எந்த டூட்டி என்பது சீனியாரிட்டிப்படி கேட்டு வாங்குவது. ஓய்வு நாளில் கூப்பிட்டால் என்ன கூலி, ஸ்பேரில் இருப்பவரை எத்தனை மணிக்குள் கூப்பிட வேண்டும், டூட்டி ரத்தானால் மாதத்துக்கு எத்தனை மணிக்கான கூலி உறுதி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும்.

ஒரு உதாரணம் போதும். 2017 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் கணினிக் கோளாறால், கிறிஸ்துமஸ் சமயத்து டூட்டிகளை விமானிகள் ஆயிரக்கணக்கில் விட்டுவிட முடிந்தது. கம்பெனி பதறிப்போய், அந்த டூட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று தானாக அறிவித்தது. நம் ஊரில் என்றால் கை தட்டியிருப்போம். அங்கே சங்கம் என்ன செய்தது? "கூலியை நீ தனியாக அறிவிக்க முடியாது, ஒப்பந்தத்தில் இருக்கிறபடி எங்களோடு பேசித்தான் அறிவிக்க வேண்டும்" என்று புகார் மனு போட்டது. சில நாட்களில் இரட்டைக் கூலி என்று உடன்பாடு ஆயிற்று, விமானங்களும் பறந்தன. நெருக்கடி வந்தபோது நிர்வாகம் ஓட வேண்டிய இடம் மந்திரி அலுவலகமாக இல்லை, சங்கத்தின் வாசலாக இருந்தது.

இங்கே என்ன நடந்தது? டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள். இரவு டூட்டி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. அதோடு, விமானி எடுக்கும் லீவை வார ஓய்வில் கழிக்கக் கூடாது என்று இருந்த ஷரத்தை எல்லாக் கம்பெனிகளுக்குமே எடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து வாங்கியது ஒரு தாளில் போயிற்று. விமானிகள் சங்கங்கள் கண்டன அறிக்கை விட்டன, இயக்குநரகத்துக்குக் கடிதம் எழுதின. அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது சர்க்கார் விதி மட்டும். சர்க்கார் கொடுத்ததைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியோடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று ஒன்று இருந்திருந்தால் அதை எடுக்க அவர்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும். நம் நாட்டுத் தனியார் விமானக் கம்பெனிகளில் அப்படிக் கூட்டுபேரம் பேசும் பலத்தோடு சங்கம் வளரவில்லை, வளர விடவும் இல்லை. 2009-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்ததும் முன்னின்றவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே சமயத்தில் சிக் லீவு போட்ட பிறகே நிர்வாகம் இறங்கி வந்தது.

விமானிகள் பேரிலும் குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏர் இந்தியாவில் பலமான சங்கங்கள் இருந்தன. 2011-இல் பத்து நாள் நின்றார்கள், சம்பள சமத்துவம் கேட்டு. 2012-இல் 58 நாள் நின்றார்கள், புதிய ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற தகராறில். இரண்டு முறையும் ஜனங்களின் அனுதாபம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியும் ஏர் இந்தியா விமானியும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். லோடர்கள், கிளீனர்கள், காண்டிராக்ட் ஆட்கள் என்று விமான நிலையத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் வெயிலில் வேகிறார்கள்! அவர்களுடைய கூலிக்காக விமானிகள் சங்கம் வீதிக்கு வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. மேல் தட்டில் உட்கார்ந்து கொண்டு நாங்கள் தொழிலாளி அல்ல, அதிகாரி என்று நினைத்தவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயர் தேவைப்படும் நாள் வரும். வந்தும் விட்டது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட விமானி ஒருவர் வழக்கில், அவர் மேற்பார்வையாளர் அல்ல, தொழில் தகராறுச் சட்டப்படி தொழிலாளியே என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த லட்ச ரூபாய்ச் சம்பளத்துக்குப் பின்னால் இருக்கும் கயிற்றையும் பாருங்கள். 2017-இலிருந்து கேப்டன் வேலையை விட வேண்டுமானால் ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்க வேண்டும், துணை விமானி ஆறு மாதம். 2024-இல் விஸ்தாரா கம்பெனியில், ஏர் இந்தியாவோடு சேர்க்கும் சாக்கில், மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உறுதிக் கூலியை 40 மணியாகக் குறைத்து, இதில் கையெழுத்துப் போடு என்று நீட்டினார்கள். பேரம் பேச அமைப்பு இல்லாதவன் கை எத்தனை பெரிதாக இருந்தாலும் ஒற்றைக் கைதான்.

சரி, நம் ரயிலுக்கு வருகிறேன். 1973-இல் லோகோ டிரைவர்கள் போராடி, பதினான்கு மணி நேரம் இழுக்கப்பட்ட டூட்டியைப் பத்து மணியாக்குவோம் என்ற வாக்குறுதியை வாங்கினார்கள். அடுத்த வருஷம் மே மாதம் இருபது நாள் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேர வேலை முக்கியக் கோரிக்கை. எங்களுக்கு முந்திய தலைமுறை ஜெயிலுக்குப் போனது, குவார்ட்டர்ஸை விட்டு விரட்டப்பட்டது. இன்றைக்கு நிலை என்ன? ரயில்வே சட்டப்படி ரன்னிங் ஸ்டாஃபுக்கு மாதத்தில் நான்கு முறை 30 மணி நேரம், அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் ஓய்வு. விமானிக்கு 48 என்றால் இவருக்கு 30. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் கேட்டது என்ன? தலைமையிடத்தில் தரும் 16 மணி நேர ஓய்வு வேறு, வார ஓய்வான 30 மணி வேறு, இரண்டையும் சேர்த்து 46 மணி நேரம் கொடு என்றார்கள். கேட்டவர்கள் மேல் சஸ்பென்ஷனும் டிரான்ஸ்பரும் பாய்ந்தன. அதே ஜூன் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸில் சரக்கு வண்டி மோதியபோது, விசாரணை தொடங்கும் முன்பே செத்துப்போன லோகோ பைலட் மேல் பழியைப் போட்டார்கள். பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்த பிறகுதான், சிக்னல் பழுதான பாதையில் அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டிலேயே தவறு இருந்தது என்று தெரிந்தது. 2025-இல், டூட்டியில் சாப்பிடவும் சிறுநீர் கழிக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நடைமுறைக்கு ஒத்துவராது என்று தள்ளப்பட்டது. விமானியின் 48 மணி நிலைத்தால் நாளை லோகோ பைலட் அதைக் காட்டிக் கேட்கலாம். விமானியிடமிருந்தே அதைப் பிடுங்கிவிட்டால் இவர் எதைக் காட்டிக் கேட்பது?

நம் வீட்டுக்கும் வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அதில் தொழில் உறவுத் தொகுப்பின்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் பதினான்கு நாள் முன் நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் கூடாது. பாதி ஆட்கள் ஒரே நாளில் பேசிவைத்துக் கொண்டு கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். சங்கத்தை ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்தின் முன்னால் கடைசி ஆயுதமாக இருந்த கூட்டு லீவுக்கு இப்படிப் பூட்டுப் போட்டாயிற்று. இது விமானிக்காகப் போட்ட பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கொரியர் குடோனிலும் மாலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிற நம் பெண்களும் பையன்களும் அதே ஷரத்துக்குள்தான் வருகிறார்கள்.

அதே தொகுப்புகளில் நமக்கு உதவும் ஒன்றும் இருக்கிறது. வேலைக்கு வைக்கும்போது எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இருக்கிறது. பலர் கடிதத்தை வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். எடுத்துப் பாருங்கள். வேலை நேரம் எவ்வளவு, வார ஓய்வு எந்த நாள், ஓய்வு நாளில் கூப்பிட்டால் என்ன கூலி என்று எழுதியிருக்கிறதா? கடிதமே தராத இடமாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷில் இருக்கிறது, புரியவில்லை என்றால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் இருப்பேன், உட்கார்ந்து படிப்போம்.